மாலை வகுப்பைப் பார்க்கப் பகலில் வந்தவர்கள்

ஜனவரி 8

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. காது மட்டும் அவருக்கு வேண்டியபோது கேட்கிறது, வேண்டாதபோது அடைத்துக்கொள்கிறது. உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை டப்பாவை மட்டும் அழகாக அடுக்கி வைத்திருக்கிறாயா?

போனில் நான் கத்துகிறேன் என்று மாப்பிள்ளை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார் என்றாய். சரி, அவர் நிம்மதியாக உட்காரட்டும். இனிமேல் காகிதத்தில் கத்துகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் தொடர்கல்வித் துறைக்கு வெளி மதிப்பீடு வருகிறது. வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்து பார்த்து, துறை இருக்கலாமா மூடலாமா என்று அறிக்கை கொடுப்பார்கள். நாங்கள் மாலையில் மட்டும் திறக்கிற கடை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, கட்டட வரைபடமும் கணக்குப்பதிவும் படிக்க வருகிறவர்கள் எங்கள் மாணவர்கள். அதனால் மற்ற துறைக்காரர்கள் எங்களைக் கண்ணால் கண்டதே இல்லை. நான் ஒருங்கிணைப்பாளராகப் பதினோரு வருடம் ஓட்டிவிட்டேன், இன்னும் உணவகத்தில் என்னைப் பார்த்து "நீங்க நூலகமா?" என்று கேட்கிறார்கள்.

மூடினால் என்னை வேறு பிரிவில் தூக்கிப் போடுவார்கள், எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பாதியில் நிற்கும் மாணவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்பது விதி. கிரேன் ஓட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வகுப்பே அவளைக் 'கிரேன்' என்றுதான் கூப்பிடுகிறது, அவளும் திரும்பிப் பார்க்கிறாள். இந்த வருடம் முடித்துவிட்டால் கட்டுமான இடத்தில் மேற்பார்வையாளர் ஆகிவிடுவாள். மூடினால், இத்தனை நாள் அவள் தூக்கத்தை விட்டுப் படித்ததெல்லாம் போச்சு. அவளைப்போல ஒரு வகுப்பு நிறைய இருக்கிறார்கள்.

இப்போது நல்ல சேதி. குழுவின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவதாக உன் வீட்டுக்காரர்! உடனே தர உறுதிப் பிரிவு அதிகாரியிடம் போய், "இவர் என் தங்கச்சி வீட்டுக்காரர், பரவாயில்லையா?" என்று கேட்டேன். (அந்த அதிகாரியை நான் 'தரம்' என்றே சொல்வேன். அவரிடம் தரம் இருப்பது பதவியின் பெயரில் மட்டும்தான்.) "அதனால என்ன மேடம், படிச்சவங்க எல்லாருமே ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்தானே" என்று சிரித்தார்.

மாப்பிள்ளையிடம் எனக்குத் தயவு வேண்டாம். ஒன்றே ஒன்று. பார்வை நேரம் காலை பத்திலிருந்து மாலை நாலு என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வகுப்பு தொடங்குவதே ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு மேல் அரை மணி நேரம் வந்து பார்க்கச் சொல்லு. பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா தேறி வருவதில் சந்தோஷம். எனக்கு மாத்திரை ஒத்துக்கொள்கிறது. வேலை கொஞ்சம் அதிகம். ஒரு மாணவரின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், நடுவில் இவருடைய கட்டுரை ஒன்று. இவர் இன்னும் கையால்தான் எழுதித் தருகிறார், பிழை பார்த்துத் தட்டச்சு செய்து கொடுப்பது என் பாடு.

அக்கா, இவர் அந்தக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். சொந்தக்காரர் துறையை மதிப்பிடுவது முறையல்ல, நாளைக்கு உனக்கும் கெட்ட பெயர் என்கிறார். இவருக்குப் பதிலாக இவர் துறையிலேயே ஒருவர் வருகிறாராம். நல்லவர் என்று சொல்கிறார்.

நீ கோபப்படாதே. அப்பாவுக்குக் காலில் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
தங்கை

பிப்ரவரி 3

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ எழுதியதைப் படித்த பிறகு நான் மட்டும் கொஞ்சம் குறைவு.

கோபப்படாதே என்று எழுதினால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு வரும் என்று உனக்குத் தெரியாதா? சொந்தம் என்று நான்தானே முதலில் போய்ச் சொன்னேன்! அவர்களே சரி என்ற பிறகு இவருக்கு என்ன வந்தது? இவ்வளவு நேர்மையை வைத்துக்கொண்டு வீட்டில் எப்படித்தான் சமாளிக்கிறாய்?

அப்பாவிடம் சொன்னேன். "மாப்பிள்ளை யோக்கியன்" என்றார். அதுமட்டும் அவர் காதில் நன்றாக விழுந்திருக்கிறது.

சரி, ஒப்புக்கொள்கிறேன். மனுஷன் ஒழுங்கானவர்தான். தன் பெண்டாட்டியின் அக்காவுக்காகக்கூட வளையாத ஆள் என்று வகுப்பில் சொன்னேன். கிரேன் கேட்டாள், "அப்ப வளையிற ஆள் வருவாங்களா டீச்சர்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'தர'த்திடம் நேரம் மாற்றச் சொல்லி மூன்று முறை போய் நின்றேன். ஆறு மணிக்கு மேல் தன் ஊழியர்கள் வேலை பார்க்க மாட்டார்கள் என்கிறார். ஆறு மணிக்கு மேல் வேலை பார்ப்பதற்காகவே இருக்கிற துறையை மதிப்பிட, ஆறு மணிக்கு மேல் ஆள் கிடையாதாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

நீ உடம்பைக் கெடுத்துக்கொண்டு யாருக்கும் தட்டச்சு செய்யாதே.

உன் அக்கா

மார்ச் 15

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா? இங்கே அப்பா நலம். என்னைப் பற்றிக் கேட்காதே, நானே சொல்கிறேன்.

வந்தார்கள். பார்த்தார்கள். போனார்கள்.

குழுத் தலைவர், அதாவது மாப்பிள்ளைக்குப் பதிலாக வந்த நல்லவர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஜாதி. பகல் பதினோரு மணிக்கு எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்தார். காலி அறை. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"மாணவர்கள் எங்கே?"

"வேலையில இருக்காங்க சார்."

"வகுப்பு நேரத்துல எதுக்கு வேலைக்குப் போறாங்க?"

"வகுப்பு நேரம் ஆறு மணி சார்."

"எங்க அட்டவணையில வகுப்பறைப் பார்வை பதினொண்ணுன்னு இருக்கே."

"அட்டவணை தப்பு சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற 'தரம்' குறுக்கே புகுந்து, "மேடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க" என்றார். என் பல்லை நான் கடித்த சத்தம் அப்பாவுக்கே கேட்டிருக்கும்.

குழுவில் இருந்த அம்மா நல்ல மாதிரிதான். ஆனால் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்னொருவர் அறையை நீளவாக்கில் நடந்து பார்த்தார், அகலவாக்கில் நடந்து பார்த்தார், ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப்போல இருந்தது. குளியலறை எங்கே என்று கேட்காததுதான் பாக்கி.

மாணவர் சந்திப்புக்காக கிரேன் உள்பட நாலு பேர் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வணிகவியல் துறையிலிருந்து பகல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளே உட்கார வைத்தார் 'தரம்'. அந்தப் பிள்ளைகள் எங்கள் வாசற்படியை அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். "மாலை வகுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, பாவம், "நல்லா இருக்கும்னு நினைக்கிறோம்" என்றார்கள். என் மாணவர்களைக் கடைசியில் கூப்பிட்டார்கள், உட்காரக்கூடச் சொல்லவில்லை. கிரேன் வேலையிடத்துக் காலணியோடு நின்றபடி, "சார், இன்னும் ஒரு பருவம்தான் பாக்கி, அதை மட்டும் முடிக்க விடுங்க" என்றாள். தலைவர், "எல்லாத்தையும் பதிவு பண்ணிக்கிட்டோம்மா" என்றார். கையில் பேனாவே இல்லை!

அன்று மாலை ஆறு மணிக்கு வகுப்பு நிரம்பி, பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். விருந்தினர் விடுதி எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். 'தர'த்துக்குப் போன் செய்தேன். "ரோட்டைத் தாண்டினா போதும் சார், பத்து நிமிஷம் வரச் சொல்லுங்க." துணைவேந்தர் கொடுக்கும் விருந்தில் இருக்கிறார்களாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அக்கரையில்.

மாப்பிள்ளையிடம் சொல். அவர் காலி செய்த நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தார் என்று அவருக்குத் தெரியட்டும். நேர்மையாக விலகினாரே, வந்து பார்த்திருக்கலாமே என்று ஆத்திரமாக வருகிறது.

பதில் போடு.

உன் அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் தலைசுற்றல், டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

நீ இவ்வளவு வேதனைப்படுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. உன் கையில் இருப்பதை நீ செய்துவிட்டாய். அந்தக் கட்டடத்தை மையத்துக்குக் கொடுத்துவிட்டால்கூட, நீ கற்றுக்கொடுத்தது அந்தப் பிள்ளைகளோடு இருக்கும். யாரும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மனதைத் தேற்றிக்கொள்.

இவர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
தங்கை

ஏப்ரல் 10

தங்கச்சி,

அப்பாவும் நானும் நலம். நீயும் நலம் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த மையம்? கட்டடத்தை யாருக்கோ கொடுப்பதாக நான் உனக்கு எழுதவே இல்லை. எனக்கே தெரியாது. அறிக்கை இன்னும் வரவில்லை. உனக்கு யார் சொன்னது?

உடனே எழுது.

அக்கா

மே 6

தங்கச்சிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் "குளிக்கிறா" என்று மாப்பிள்ளை சொல்கிறார். இத்தனை முறை குளித்தால் ஜலதோஷம் பிடிக்காதா?

அறிக்கை வந்துவிட்டது. "வகுப்பறைகள் பயன்பாடின்றிக் கிடப்பதைக் குழு நேரில் கண்டது" என்று எழுதியிருக்கிறார்கள். நேரில் கண்டார்களாம்! பகல் பதினோரு மணிக்குப் பால்காரர் வரவில்லை என்று எழுதுவதுபோல இருக்கிறது. "மாணவர் வருகை மிகக் குறைவு." "புதிய மாணவர் சேர்க்கையை நிறுத்தி, நடப்பு வகுப்புகளை இப்பருவத்தோடு முடித்துவிடப் பரிந்துரைக்கிறோம்." கடைசிப் பக்கத்தில், "காலியாகும் கட்டடத்தைத் தொழில்முனைவு மையத்துக்கு ஒதுக்கலாம்."

மையம். நீ எழுதிய அதே மையம்.

நான் படித்தவள், ஆனாலும் இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. அறையை அளந்து பார்த்த மனிதர் கண்முன்னால் நிற்கிறார். ஜூன் கடைசியில் கல்விப் பேரவை கூடி இதை ஏற்றுக்கொண்டால், என் மாணவர்களுக்கு ஒரு பருவம் பாக்கி இருக்கும்போதே கதவைச் சாத்திவிடுவார்கள்.

நீ எனக்குத் தங்கச்சி. கேட்கிறேன். உனக்கு எப்படித் தெரியும்?

உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுது. கோபத்தில் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

அக்கா

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலமா? எனக்குத் தூக்கம் சரியில்லை, மற்றபடி நலம்.

மறைத்துவிட்டேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் போனை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார், உனக்குத் தெரியும். பேசியது உங்கள் தர உறுதி அதிகாரி. "அறிக்கை பெரும்பாலும் தயாராயிடுச்சு சார். கட்டடத்தைத் தொழில்முனைவு மையத்துக்குக் குடுக்கறதா எல்லாம் பேசி முடிச்சாச்சு. நீங்க சும்மா வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா போதும்." இவர், "யாரோ எழுதி வெச்சதுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? ஆளை விடுங்க" என்று வைத்துவிட்டார்.

அக்கா, அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லவில்லை. அப்புறம் உனக்கு எழுத உட்கார்ந்தபோது இவர் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க அக்காகிட்ட இதைச் சொல்லாதே. தெருவுல இறங்கிடுவாங்க. நான்தான் சொன்னேன்னு ஆகும். சொந்தக்காரங்க, அதனால விலகிட்டேன்னு எழுது. அதுவும் உண்மைதானே?" என்றார். எழுதினேன்.

நீ அவரை யோக்கியர் என்று எழுதியபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதனால்தான் பதில் போடவில்லை.

இது உனக்கு மட்டும். இவர் பெயர் வெளியே வந்தால் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது.

தங்கை

மே 19

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் தூங்கு. டாக்டரைப் பார்.

படித்தேன். மறுபடி படித்தேன். கையில் இருந்த தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரர் ஒரு குழி வெட்டியிருப்பதைப் பார்த்தார். தான் விழாமல் ஓரமாக நடந்துபோனார். அதற்குப் பிறகு அந்த வழியாக வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பெயர் நேர்மையா? நான் வேறு அவரைப் பற்றி வகுப்பில் பெருமை அடித்துக்கொண்டேன்! என் வாயில் மண்ணைப் போட. கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குக் கவலை. கிரேன் எக்கேடு கெட்டால் என்ன, அவர் கையெழுத்து கெடக் கூடாது.

இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. நேற்று நான் துணைவேந்தரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பேன்? அவர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இந்தச் சமாச்சாரம் எதுவும் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. முகம் மாறிவிட்டது. ஆனால், "உங்க தங்கச்சி சொன்னாங்கன்னு நீங்க சொல்றதை வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. எழுத்துல வரணும். உங்க மாப்பிள்ளைக்கே கடிதம் போட்டுக் கேக்கறேன். அப்படி ஒரு பேச்சு நடந்துதுன்னு எழுதிக் குடுத்தா, அறிக்கையை ஒதுக்கி வெச்சிடலாம். இல்லேன்னா பேரவையில அது அப்படியே போகும்" என்றார்.

ஆக, எல்லாம் மாப்பிள்ளை எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. எழுதச் சொல்.

உன் அக்கா

மே 30

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். தாங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்களும் நலம்.

தங்கள் துணைவேந்தரின் கடிதம் கிடைக்கப்பெற்றேன். இது குறித்து எனது நிலையைத் தெளிவுபடுத்துவது கடமையாகிறது. நான் மேற்படி குழுவில் உறுப்பினராகப் பணியாற்றவில்லை. உறுப்பினர் அல்லாத ஒருவர் குழுவின் அறிக்கை பற்றிக் கருத்துக் கூறுவது முறையாகாது. மேலும், தனிப்பட்ட உரையாடல் என்பது ஆவணம் அல்ல. எதிர்காலத்திலும் பல மதிப்பீட்டுக் குழுக்களில் அழைக்கப்படக்கூடியவன் நான் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

தங்கள் மாணவர்கள்மீது எனக்கு மிகுந்த அனுதாபம் உண்டு. எனினும் குடும்ப விஷயங்களை அலுவலகத்துக்குக் கொண்டுசெல்வது யாருக்கும் நல்லதல்ல. தங்கள் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன். தங்கள் தங்கையின் உடல்நலத்தையும் நினைவில் கொள்ளவும்.

மாமாவுக்கு என் நமஸ்காரங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு என் அன்பு. நான் நலமாக இருக்கிறேன். இந்த முறை அது சம்பிரதாயத்துக்கு எழுதியது இல்லை.

முதலில் உன்மேல் உள்ள கோபத்தை எழுதிவிடுகிறேன். உனக்கு மட்டும் என்று எழுதினேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைக் கொண்டுபோய் ஒரு மேசைமேல் வைத்துவிட்டு வந்தாய். இவரும் கேட்காமல்தான் என்னை எழுத வைத்தார். இரண்டு பேருமே என்னைக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

துணைவேந்தர் கடிதம் வந்த நாளிலிருந்து இவர் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். உனக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார், தட்டச்சு செய்தேன். அப்புறம் போன வியாழக்கிழமை துணைவேந்தருக்கான பதிலைக் கையால் எழுதிக்கொண்டு வந்து, "வழக்கம்போல பிழை பாத்துட்டு அடிச்சுக் குடு" என்று வைத்தார். படித்தேன்.

"அவ்வாறான உரையாடல் நடைபெற்றதாக எனக்கு நினைவில்லை. என் மனைவி, உடல்நலக் குறைவு காரணமாக, வேறு எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடும்."

"நினைவில்லையா?" என்று கேட்டேன்.

"அது எழுதற முறை."

"உடல்நலக் குறைவா?"

"ரத்த அழுத்தம் இருக்கா இல்லையா? அதுல என்ன பொய்?"

"ரத்த அழுத்தம் ஏறினா, வராத போன் வந்த மாதிரி கேக்குமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. அடிச்சுக் குடு."

அக்கா, இத்தனை வருடமாக இவருடைய வாக்கியங்களைச் சரி செய்துதான் என் காலம் போயிருக்கிறது. எனக்குப் புரியாதாம்.

அடித்தேன். ஒரு எழுத்தை மாற்றவில்லை, அது அவர் பேச்சு. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு என் பேச்சை அடித்தேன். "மேலே உள்ளதைத் தட்டச்சு செய்தவள் நான். அதில் சொல்லப்படும் மனைவியும் நான்தான். அந்த உரையாடல் நடந்தது. நான் அதே அறையில் இருந்தேன்." யார் பேசினார், என்ன சொன்னார், இவர் என்ன பதில் சொன்னார் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், "என் உடல்நலம் நன்றாகவே இருக்கிறது" என்றும் சேர்த்தேன்.

இவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்க பகுதிக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க, என் பகுதிக்கு நான் போடறேன்."

படித்தார். முகம் சிவந்தது. "இதை அனுப்பினா, இந்த வீட்ல நீ..." என்று நிறுத்தினார்.

"முடிங்க. வாக்கியத்தைப் பாதியில விடாதீங்க."

முடிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அவர் பகுதி கையெழுத்து இல்லாமலே இருந்தது. நான் என் பகுதிக்குப் போட்டேன். நானே எடுத்துக்கொண்டு போய் அஞ்சல் அலுவலகத்தில் சேர்த்துவிட்டு வந்து, அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, வெளியிலேயே சாப்பிட்டுக்கொள்கிறார்.

பயமாக இருக்கிறது. ஆனால் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

தங்கை

ஜூன் 29

என் அன்புத் தங்கச்சிக்கு,

அப்பா நலம். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டது அவருக்கு. மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன்னை எப்போது பார்க்கலாம் என்று மட்டும் கேட்டார்.

நேற்றுப் பேரவை கூடியது. துணைவேந்தர் நீ அனுப்பியதை முழுவதும் வாசித்தார். ஒரு பேராசிரியர் எழுந்து, "புருஷன் பொண்டாட்டி தகராறையெல்லாம் இங்க கொண்டு வரலாமா? ஒருத்தர் இல்லேங்கிறார், ஒருத்தர் உண்டுங்கிறார், இதுல எதை எடுத்துக்கறது?" என்று கேட்டார். துணைவேந்தர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். "இதுல ரெண்டு பேர் பேசியிருக்காங்க. கையெழுத்துப் போட்டிருக்கறது ஒருத்தர்தான்" என்றார். அதற்குமேல் யாரும் எழவில்லை. 'தரம்' தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையை ஒதுக்கிவிட்டார்கள். வேறு குழு வரும், மாலையில் வரும். அவர்கள் என்ன சொன்னாலும், இப்போது படிக்கிறவர்கள் முடிக்கும்வரை வகுப்பு நடக்க வேண்டும் என்று தீர்மானம். வகுப்பில் போய்ச் சொன்னேன். கிரேன் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததே இல்லை.

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஒரு வரி எழுத வேண்டியவர் எழுதவில்லை, அதை எழுத உன் வீட்டையே பணயம் வைக்க வேண்டியதாகிவிட்டது. அதில் என் பங்கும் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொன்னது தப்பு. மாணவர்களுக்காகச் சொன்னேன் என்று உன்னிடம் சாக்குச் சொல்ல மாட்டேன். நீ என்மேல் எவ்வளவு நாள் கோபமாக இருந்தாலும் தகும்.

இன்று காலை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, உன்னைக் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு கழற்றி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் அங்கே வரட்டுமா?

அக்கா